முகவரியில் இல்லை

செப்டம்பர் 3, புதன்

மின்கட்டணம் கட்டியாயிற்று. வீட்டில் புதிதாக ஒரு பல்புகூடப் போடவில்லை. கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் கவுண்டரில் இருக்கும் பையன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். திரை சொல்லிவிட்டால் முடிந்தது.

கைப்பேசிக்கு மறுபடி ரீசார்ஜ். இருபத்தெட்டு நாள் ஒரு மாதம் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ! வருடத்தைப் பதின்மூன்று மாதமாக்கிவிட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நாளிதழுக்கு எழுத வேண்டும். இதுவரை அனுப்பிய பதினான்கு கடிதங்களில் ஒன்பது அச்சாகியிருக்கின்றன.

இன்று இரண்டே மனு. தாலுகா ஆபீஸ் மதிலோரம் தட்டச்சு இயந்திரத்தோடு முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது. இப்போது எல்லாரும் எதிரே இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். விரல் ரேகை விழவில்லை என்று திரும்பி வருகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். சாயங்காலம் மனைவி வடிவுக்கு மாத்திரை வாங்கினேன். வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று வந்தவள் சுப்புத்தாய். ஐம்பது தாண்டியிருக்கும். புருஷன் இறந்து ஒன்பது வருடம். வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறாள். ஜூன் மாதத்திலிருந்து விதவை உதவித்தொகை வரவில்லையாம்.

“பேங்க்ல கேட்டா தாலுகா ஆபீஸ்ங்காக. இங்க கேட்டா, நீ அந்த வீட்ல இல்லன்னு கம்ப்யூட்டர்ல இருக்குங்காக. நான் வேற எங்க அண்ணாச்சி இருக்கேன்? இருபது வருசமா அதே மாடிதான்.”

காகிதத்தைச் செருகினேன். முகவரி கேட்டேன்.

“கம்மாய்க்கரைத் தெரு. பழைய தீப்பெட்டி குடோனுக்கு மேல, மூணாவது மாடி.”

எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மனு நன்றாக வந்தது. ‘உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை இல்லை என்று சொல்லும் உரிமையை இந்த இயந்திரத்துக்குக் கொடுத்தது யார்?’ என்று ஆரம்பித்தேன். ‘கணினியில் பதிவேற்றும் ஊழியர்களின் அக்கறையின்மையை விசாரிக்கக் கோருகிறேன்’ என்று முடித்தேன். வாசித்துக் காட்டியபோது அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கூலி வாங்கவில்லை.

“நல்லா இருப்பீக அண்ணாச்சி” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 6, சனி

கூலி வாங்காததை வடிவிடம் சொன்னேன். “அதிசயமா இருக்கே” என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்திருந்தாள். மெர்லின் என்று பெயர், துடிப்பான பெண். சுப்புத்தாயின் மனு நகல் அவள் கைக்கு எப்படியோ போயிருக்கிறது. என் கருத்தைக் கேட்டாள். நாற்பது நிமிடம் பேசியிருப்பேன். காகிதத்தில் பிழை நடந்தால் எந்தக் கை எழுதியது என்று தெரியும், இதில் கையே இல்லை என்றேன். மக்களை எண்ணாக்கினால் எண்களைத் துடைப்பது சுலபம் என்றேன். எல்லாம் ஒரு பொத்தானில் முடிந்துபோகிறது என்றும் சொன்னேன்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 15, திங்கள்

படத்தோடு வந்திருக்கிறது. ‘பொத்தானில் தொலைந்த பெண்: மனு எழுத்தர் கோமதிநாயகம் ஆவேசம்.’ டீக்கடையில் எனக்கு டீ இனாம். ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்தைப் பெரிதாக்கி ஒட்டி வைத்திருக்கிறார்.

வடிவு கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தாள். பிறகு கேட்டாள்: “மே மாசம் நீங்களும் ஒப்பந்தக்காரர் குடுத்த போனைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனீகல்லா? இந்த உதவித்தொகைக் கணக்கெடுப்புதானே அது?”

“அது வேற வார்டு” என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது. புதுக் குப்பியில் விலை கூடியிருக்கிறது, தைலம் குறைந்திருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சுப்புத்தாய் மனு என்னாயிற்று என்று கேட்டு வந்தாள். ‘பரிசீலனையில்’ என்று கைப்பேசியில் வந்திருக்கிறது. வாசித்துச் சொன்னேன். போகாமல் நின்றாள்.

“சிலிண்டர் வாங்குறத நிறுத்திட்டேன். வெறகுதான். அது பெரிசில்ல, பழக்கந்தான். இந்தச் சொட்டு மருந்துதான் அண்ணாச்சி.”

அவளுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடுகிற வியாதி. தினமும் சொட்டு மருந்து விட்டாக வேண்டும். உதவித்தொகையில்தான் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கண்ணுக்கும் போட்டா சீக்கிரம் தீந்துருது. அதான் எடது கண்ணுக்கு மட்டும் போட்டுக்கிடுதேன்.”

“வலது கண்ணுக்கு?”

“அது கொஞ்சம் பொறுக்கட்டும்” என்று சிரித்தாள்.

பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். “அய்யய்ய, வேண்டாம் அண்ணாச்சி. எழுதுனதுக்கே நீங்க கூலி வாங்கல” என்று நகர்ந்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் ஆக்னஸ் மதியம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது. எதிரெதிரே இருந்தும் நாங்கள் அதிகம் பேசியதில்லை. என் தொழிலைக் கெடுத்தவள் என்று அவள்மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

“சார், ஒரு மனு தட்டணும்.”

“உங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா?”

“என்னை இன்னைக்குக் காலையில நிப்பாட்டிட்டாங்க சார்.”

பத்திரிகையில் வந்ததும் மேலிருந்து விசாரணை வந்திருக்கிறது. மனுவில் ‘பதிவேற்றும் ஊழியர்’ என்று இருந்ததால் அந்த மாதம் பதிவேற்றியவள் யார் என்று தேடினார்கள். ஒப்பந்த ஊழியர் என்பதால் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டார்கள்.

“நான் ஒரு எழுத்துகூட மாத்தல சார். தெருவுல போனவங்க போன்ல அமுக்குனதுதான் அப்படியே வந்திருக்கு. அமுக்குனது பணியாளர் எண் இருபத்தேழு. எங்க நின்னு அமுக்குனாங்க, எத்தனை மணிக்குன்னு எல்லாமே உள்ள இருக்கும். செக்ஷன்ல தொறந்து பாத்தா போதும். அதை மட்டும் எழுதுங்க.”

எழுதினேன். மூன்று நகல். வாசித்துக் காட்டச் சொல்லவில்லை, நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போன பிறகு என்னிடம் தங்கிய நகலைப் பார்த்தேன். எண் 72 என்று விழுந்திருக்கிறது. தட்டச்சில் இப்படி நேர்வதுண்டு.

அக்டோபர் 8, புதன்

மழை. கடை விரிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஆக்னஸின் மனு தள்ளுபடி. ‘குறிப்பிட்ட எண்ணில் பணியாளர் எவரும் இல்லை.’ அவள் நேற்று ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாளாம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். சேலையை விரித்து விரித்து மடிக்கிற வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும்.

முப்பத்தொரு வருடத்தில் நான் எண்களை இடம் மாற்றித் தட்டியதே இல்லை. சர்வே எண், பட்டா எண், ரேஷன் அட்டை எண், எத்தனை லட்சம் எண்கள்! ஒன்றுகூடத் தவறியதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவன் நான்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

மே 21. ஒப்பந்தக்காரர் கைப்பேசியும் உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியலும் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பெயருக்கு இவ்வளவு என்று கூலி. பதினொரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கம்மாய்க்கரைத் தெருவில் முதல் நான்கு வீடுகள் ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போயிற்று. பஸ் நிலையம் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் பதினொரு பெயர் பாக்கி. ‘நேரில் பார்த்தேன்’ என்று அமுக்கினால் ஆளின் படம் கேட்கும். ‘முகவரியில் இல்லை’ என்று அமுக்கினால் எதுவும் கேட்காது. இருக்கிறவருக்கு அத்தாட்சி கேட்கிற கருவி, இல்லாதவருக்குக் கேட்கவில்லை. இந்த முட்டாள்தனத்தை அன்றே கவனித்து, நாளிதழுக்கு எழுத நல்ல விஷயம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அப்படிக் குறித்துக்கொண்டேதான் பதினொரு முறையும் அமுக்கினேன்.

எப்படியும் மறுபடி சரிபார்ப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. இந்த உருப்படாத கருவிக்கு உண்மை எதற்கு என்றுதான் நினைத்தேன். அதை ஏமாற்றுவது ஒரு கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது. அதற்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.

மற்ற பத்துப் பேரில் ஒருவரும் மனு எழுத வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

சுப்புத்தாய் ஒரு தூக்குவாளியில் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள். எண்ணெய் விற்கிற விலையில். நான் தொடவில்லை. வடிவு சாப்பிட்டாள்.

அக்டோபர் 24, வெள்ளி

மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறாள் சுப்புத்தாய். கூட யாரும் போகவில்லை. என் எதிரே உட்கார்ந்ததும் முகத்தை முழுதாகத் திருப்பித்தான் என்னைப் பார்த்தாள்.

“வலது கண்ணுல ஓரமெல்லாம் அடைச்சுப்போச்சு அண்ணாச்சி. நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வழியாப் பாக்குற மாதிரி இருக்கு. டாக்டரம்மா வஞ்சாக, ஏன் மருந்த நிறுத்துனேன்னு. போனது திரும்பாதாம். மிச்சத்தயாவது காப்பாத்தணும்னாக.”

“மருந்து?”

“அவுகளே ரெண்டு மாசத்துக்குக் குடுத்திருக்காக. தங்கமான பிள்ள.” தன் பையைத் தடவித் தேடிக் காட்டினாள். “தீப்பெட்டிதான் கோணக்கோணயா ஒட்டுது. நேத்து பாதியைத் திருப்பிட்டாக.”

மனுவின் நிலையைக் கேட்டாள். ‘பரிசீலனையில்’ என்றேன்.

“நீங்க எழுதுனது வீண்போகாது” என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் கடை விரித்ததும் முதல் காகிதத்தை எனக்காகச் செருகினேன். ‘பணியாளர் எண் 27 ஆகிய கோமதிநாயகம் தெரிவித்துக்கொள்வது.’ மற்றவர்களுக்கு எத்தனை அடைமொழி போட்டு எழுதுவேன்! இதில் ஒன்றும் வரவில்லை. பதினொரு பெயர்களையும் தட்டினேன். ஆக்னஸ் குற்றமற்றவள் என்பதையும், அவள் மனுவில் எண்ணை மாற்றியது நான்தான் என்பதையும் தட்டினேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வடிவிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள்.

“எனக்கு பேப்பர்ல வந்த அன்னைக்கே தெரியும். வேற வார்டுன்னு நீங்க சொன்ன வேகத்துலயே தெரியும்.”

“கேட்டிருக்கலாம்லா?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்.” காகிதத்தைத் திருப்பித் தந்தாள். “அவ கண்ணு போகும்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன். அந்த முறுக்கைத் தின்னது நான்தானே.”

அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் போகவில்லை. அவள் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

மனுவைக் கொடுத்தால் பிரிவு எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போர்ட்டல்ல போடுங்க. பேப்பர் வாங்குறதில்ல.” பத்திரிகையில் என் படம் வந்தது அவருக்கு நினைவு வந்ததும் வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இதெல்லாம் எதுக்கு இப்பம்? அந்தம்மாவுக்குத் திரும்பச் சேத்து விட்டுருவோம். விவகாரம் அடங்கிரும். நீங்களும் நல்ல பேரோட இருக்கீக.”

ஆசையாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். ஒரு நிமிடம் அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். நீட்டிய கையால், “பதிவைத் தொறந்து பாருங்க” என்று திரையைக் காட்டினேன்.

திறந்தார். மே 21, பகல் 11.48 முதல் 11.54 வரை. பதினொரு பெயர்கள். பதினொன்றுக்கும் ஒரே இடம்; வரைபடத்தில் பஸ் நிலையம் எதிரே ஒரு சிவப்புப் புள்ளி.

வருடக்கணக்காக நான் திட்டிவந்த இயந்திரம், நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக அதைத் திறந்து பார்க்க ஒரு மனிதருக்கும் தோன்றவில்லை. திறந்து பார்க்கக் கேட்ட ஒரே பெண்ணின் மனுவைக் கெடுத்தது நான்.

தாசில்தாரிடம் அழைத்துப் போனார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள். நடவடிக்கை வருமாம். பதினொரு பேரையும் மறுபடி சேர்க்க ஒவ்வொருவரிடமும் புதிதாக மனு வேண்டுமாம். நிலுவை மாதங்களுக்கு மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். அந்த மனுக்களை நானே எழுதுகிறேன், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறேன் என்றேன். தாசில்தார் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தத் தடவை நேர்ல போவீங்களா?” என்றார்.

அக்டோபர் 29, புதன்

மூன்று மாடி. இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினேன். சுப்புத்தாய் கதவைத் திறந்துபோட்டு, வெளிச்சத்துக்காக வாசலிலேயே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு? அண்ணாச்சியா! கால் வலிக்கார ஆளு இம்புட்டுப் படியேறி வந்திருக்கீகளே. சத்தம் குடுத்திருந்தா எறங்கி வந்திருப்பேனே.”

அப்புறம் எப்படிச் சொல்வது? சொன்னேன். டீக்கடை, பெஞ்சு, பொத்தான், ஆக்னஸ், எல்லாம். பசை தொட்ட விரல் அப்படியே நின்றது.

“அமுக்கும்போது என் பேரைப் பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“படிச்சீகளா?”

“படிச்சேன் தாயி.”

அவள் பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“நாப்பத்திரண்டு படி” என்றாள் கடைசியில். “முன்னெல்லாம் எண்ணுனதில்ல. இப்பம் எறங்கும்போது எண்ணித்தான் எறங்குதேன். ஓரம் தெரியல.”

புது மனுவை எடுத்து வைத்தேன். எங்கே கையெழுத்து என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

“வாசிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம். ஆக்னஸ் பிள்ளகிட்டக் குடுத்து வாசிச்சுக்கிடுதேன். நகல் ஒண்ணு வச்சிட்டுப் போங்க.”

வைத்தேன். எழுந்தேன். “போயிட்டு வாங்க” என்று சொல்லவில்லை.

“போங்க” என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆக்னஸுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வேலையைத் திரும்பத் தருவதாகத் தாலுகா ஆபீஸிலிருந்து பேசினார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். இந்தத் தடவையும் எழுத்துமூலமாக எதுவும் தரவில்லை.

“நீங்க தட்டுன மனுவுல கையெழுத்துப் போடும்போது வாசிச்சுப் பாத்திருக்கணும். எங்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும், வாசிக்காமக் கையெழுத்துப் போடாதீங்கன்னு சொல்றவ நான்” என்றாள். வாடிக்கையாளர் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மெர்லினுக்கும் சொல்லிவிட்டேன். நாளை அச்சில் வரும். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லிச் சுவரில் இருந்ததை நானே கிழித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

ஒன்பது வீடு முடிந்தது. ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், கையெழுத்தை மட்டும் ஜன்னல் வழியாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஓர் அம்மா டீ கொடுத்தாள். குடிக்கச் சொல்லி உட்காரவைத்தபின் அழுதாள். ஒரு கை மட்டும் உள்ள ஓர் ஆள், “எனக்கு நின்னுபோச்சுன்னே இன்னைக்குத்தான் தெரியும், மகன் செலவழிக்கான்னு நெனைச்சு அவனை வீட்டைவிட்டு அனுப்பிட்டேன்” என்றார். அதைக் கேட்டுவிட்டுத் தெருமுனையில் கொஞ்சம் நின்றேன். மகன் இருக்குமிடம் விசாரித்து நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒருவர் உண்மையிலேயே முகவரியில் இல்லை. திருப்பூரில் மகளிடம் போய்விட்டார். பதினொன்றில் ஒன்று சரி.

நவம்பர் 8, சனி

கடைசி வீடு. சந்துக்குள்ளே, ஓட்டு வீடு. அருளப்பன், பழைய லாரி ஓட்டுநர், எழுபத்துமூன்று. சந்தில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

அவர் எழுந்து நாற்காலி போட்டார். “அஞ்சு மாசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்கதான் தேடி வந்த மொத ஆளு” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

கையை விடுவித்துக்கொள்ளாமல், உங்கள் பெயரை நீக்கியது நான்தான் என்று மெதுவாகச் சொன்னேன்.

“என்ன சொல்லுதீக? காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க.”

வாசலில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாயை யாரோ மூடினார்கள்.

சத்தமாகச் சொன்னேன்.